வழியும் வழிப்பட்டோரும்

தமிழிலே ‘ஆறு’ என்னுஞ் சொல் வழியையும் உணர்த்தும். வழி அறிந்தவன் வழி அறியாதவனுக்கு அதனைக் காட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தவர் நம் முன்னோர். பத்துப்பாட்டிலே ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாம். அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், மலைநாட்டில் வாழும் நமக்கு மிக நெருங்கியது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்புங் கூத்தன் ஒருவன், எதிரே வருங் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லுவதாக அமைந்த அந்நூல் 583 அடிகளை உடையது. எவ்விடத்திற் கால் வழுக்கும், எவ்விடத்தில் விலங்குக்கு அஞ்சவேண்டும், எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும், அவ்வூரார் விருந்தினரை எவ்வாறு ஏற்பர் என்பனவெல்லாம் அதிலே கூறப்படுகின்றன. வழியைச் சொல்வதென்றால் வழியில் வாழும் மக்களையுஞ் சொல்வதே என்பது அப்புலவர் கொள்கை போலும். கல்லூரி விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைக எனப் பணிக்கப்பட்ட யாம், இக்கொள்கையை இன்றைய மலையகத்துக்குப் பொருத்திப் பார்க்க விழைகின்றோம்.

உலகத்தார் இன்று பெரிதும் பேசும் யாத்திரை வழியொன்று ஸ்பெயின் தேசத்தில் உள்ளது. அந்நாட்டின் வடமேற்கு மூலையிலே சந்தியாகோ தே கொம்போஸ்தெலா என்னும் நகரில், இயேசுநாதரின் சீடராகிய யாக்கோபு அடக்கஞ் செய்யப்பட்டிருப்பதாகக் கத்தோலிக்கர் நம்புவர். பிரான்சு நாட்டெல்லையில் மலைகடந்து தொடங்கி அந்நகரை அடையும் முதன்மையான வழி ஏறத்தாழ 780 கிலோமீற்றர் நீளமானது. கோதுமை வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் சிற்றூர்களையும் கடந்து, ஒரு மாதத்துக்கு மேல் நடந்து, மக்கள் அங்கே சென்று சேர்கின்றனர். இந்தச் சந்தியாகோ தமிழுக்கு அந்நியர் அல்லர். தெல்லிப்பழையிலே வாழ்ந்த பேதுருப் புலவர் 1647 ஆம் ஆண்டில் அவர்மீது ‘சந்தியோகுமையோர் அம்மானை’ பாடினார். கிளாலியிலே அவர் பெயரால் ஆலயமும் உண்டு. சைவர்க்கு இதனாற் குறைவொன்றுமில்லை. பிறர் வழிபாட்டை அறிந்து போற்றுதலும் கல்வியின் பயனே.

அவ்வழிக்கும் ஓர் ஆற்றுப்படை உண்டு. கி. பி. 12 ஆம் நூற்றாண்டிலே தொகுக்கப்பட்ட ஏடொன்றின் ஐந்தாம் பகுதி, யாத்திரிகர்க்கு எந்த ஆற்று நீர் குடித்தற்குரியது, எந்த ஆற்று நீர் கேடு பயப்பது, எந்த நாட்டார் எத்தன்மையர் என்று விரித்துரைக்கின்றது. கடலாலும் காலத்தாலும் பெரிதும் விலகிய இரு மொழிகளிலே ஒரே நோக்கம் தோன்றியமை வியக்கத்தக்கது.

நிற்க. அத்துணைப் பழமை வாய்ந்த அவ்வழி இடைக்காலத்துக்குப் பின் தளர்ந்து, 20 ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1985 ஆம் ஆண்டிலே யாத்திரை முடித்துச் சான்றிதழ் பெற்றோர் ஆயிரவர்க்குங் குறைவு. 2024 ஆம் ஆண்டிலோ அத்தொகை ஏறத்தாழ 5 இலட்சம். இம்மாற்றத்துக்கு வித்திட்டோருள் முதல்வர் அரசருமல்லர், செல்வருமல்லர். ஓ செப்ரெய்ரோ என்னும் மலைக் கிராமத்திற் குருவாயிருந்த எலியாஸ் வலீனா என்பார். அவ்வழியின் வரலாற்றை ஆராய்ந்து நூலெழுதிய அவர், 1984 ஆம் ஆண்டில் மஞ்சள் வர்ணத்தைக் கையிலெடுத்து, மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி தீட்டிக்கொண்டே சென்றார். வழி மீண்டது. 1987 இல் ஐரோப்பிய மன்றம் அதனைத் தன் முதலாவது பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993 இல் யுனெஸ்கோ நிறுவனம் ஸ்பெயினிலுள்ள பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இளைஞர் நகர்க்குப் பெயர்ந்தமையால் வெறிச்சோடிக் கிடந்த பல சிற்றூர்களிலே விளக்கெரியலாயிற்று. தன் ஊரை அறிந்த ஒருவர், வர்ணமும் தூரிகையுங் கொண்டு செய்த தொண்டு இது.

இனி நம் மலைக்கு வருவோம். இப்போது பீக்கோ நடைபாதை என வழங்குவது கண்டி ஹந்தானையிலே தொடங்கி, கலஹா, லூல்கந்துரை, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம, ஹப்புத்தளை, எல்ல, கந்தப்பளை முதலிய ஊர்களைத் தொட்டு நுவரெலியாவிலே முடிகின்றது. நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல். 22 கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பீக்கோ என்பது தேயிலைத் தரமொன்றின் பெயர். இவ்வழியை எண்ணித் தொடங்கியவர் மிகுவேல் குனாட் என்பார்; அவர் இலங்கையிற் பல்லாண்டாக வாழ்ந்துவரும் ஸ்பெயின் நாட்டவர். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க நாட்டின் உதவி நிறுவனமும் பொருளுதவி புரிந்தன. புதிதாக வெட்டிய பாதை அன்று இது. கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் தோளிலும் வண்டியிலும் கொண்டு செல்வதற்காக, தோட்டத் தொழிலாளர் வெட்டிச் சமைத்த பழைய பாதைகளே ஈண்டு ஒன்றாக இணைக்கப்பட்டன. வெட்டியவர் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே பாதையிலே கொழுந்துக்கும் பாடசாலைக்கும் கோயிலுக்கும் நடக்கின்றனர்.

இவ்வழியை யாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஒரு வினா எழுகின்றது. இது வெறும் உலாப் பாதையாக நின்றுவிடுமா, அன்றி யாத்திரை வழியாக உயருமா? அழகை நோக்கி நடப்பது உலா. ஒன்றை நினைந்து நடப்பது யாத்திரை. உலாப் போகின்றவனுக்கு வழியில் வாழ்வோர் காட்சிப்பொருள். யாத்திரிகனுக்கோ அவர் விருந்து தருவோர், கதை சொல்வோர், உடன் நடப்போர்.

சென்ற ஆண்டு எம் மேல்வகுப்பு மாணவர் சிலருடன் கொட்டகலையிலிருந்து நோர்வூட் வரை யாம் நடந்தோம். மழை தூறிற்று, அட்டைக் கடியும் இருந்தது. கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த அம்மையார் ஒருவர் எம்மைக் கண்டு, “ஏன் மாஸ்டர், பஸ் ஓடலையா?” என்று பரிவோடு வினவினார். மாணவன் ஒருவன், “சும்மாதான் நடக்கிறோம், பெரியம்மா” என்றான். அவர் சிரித்துக்கொண்டே, “சும்மாவா? இந்த மலையில சும்மா நடந்த கால் உண்டா, தம்பி?” என்றார். மாணவர் நகைத்தனர், பின்னர் நெடுநேரம் பேசாது நடந்தனர். அந்த ஒரு வினாவிலே மலையகத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருந்தது.

ஆம்; இந்த மலையிலே கால்கள் சும்மா நடந்ததில்லை. 1820களிலே கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலமுதல், தென்னிந்தியத் தமிழ்க் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் உந்தப்பட்டோர், தோணியேறி மன்னார்க் கரையிலே இறங்கினர். அங்கிருந்து காடும் வறண்ட நிலமுமாகிய நெடுவழியிலே, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்னுமிடங்களைக் கடந்து, மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியாலும் அம்மையாலும் பசியாலும் வழியோரத்தில் மாண்டோர் பலர். அவர்க்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. கண்டிக்குப் புகையிரதம் 1867 இலும், நானுஓயாவுக்கு 1885 இலும் வந்தது. தலைமன்னார் இறங்குதுறை வழி 1914 இலே திறக்கப்பட்டது. அதற்கு முன் வந்தோர்க்குக் காலே வண்டி.

அவ்வழியிலேயே திரும்பிச் சென்றோரும் உளர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்தாரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் ஒப்பமான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பிரித்தது. உறவைப் பிரிந்து அழுதவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். அச்சொல்லைப் படைத்தவர் எப்புலவர்க்கும் குறைந்தவரல்லர். எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே முடிவுக்கு வந்தது.

இவ்வழியை மீண்டும் யாத்திரையாக்கிய நிகழ்ச்சி அண்மையில் நடந்தது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து, 2023 ஆம் ஆண்டு யூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிலே தொடங்கி, ஓகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையிலே முடிவுற்ற நடைபயணத்தை ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரால் ஒன்றுகூடியோர் நடத்தினர். 250 கிலோமீற்றர் வழி, 16 நாள். வழியிலே பல இனத்தவரும் பல சமயத்தவரும் அவர்களை வரவேற்றனர். முன்னோர் பசியோடு நடந்த வழியிலே பேரர் உரிமைக்குரலோடு நடந்தனர். யாத்திரை என்னுஞ் சொல்லுக்கு இதனினுஞ் சிறந்த பொருள் யாம் அறியோம்.

எனினும், ஒருமுறை நடந்தது மரபாகாது; ஆண்டுதோறும் நடந்தாலே மரபாகும். சிவனொளிபாதமலை இதற்குச் சான்று. மார்கழியை ஒட்டிய பூரணை தொட்டு வைகாசி விசாகப் பூரணை வரை, ஹற்றன் வழியாக நல்லதண்ணி சென்று மலையேறுவோர் வெள்ளம் ஓய்வதில்லை. சைவர்க்குச் சிவனடி, பௌத்தர்க்குப் புத்தரடி, இசுலாமியர் பலர்க்கு ஆதம் நபியின் அடி. 1344 ஆம் ஆண்டிலே இங்கு வந்த இபுனு பத்தூத்தா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகருக்குப் பல்லக்கும் வழித்துணையும் தந்து மலைக்கு அனுப்பியவர், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. இசுலாமிய யாத்திரிகனுக்குத் தமிழ் வேந்தன் ஆற்றுப்படையானான். இம்மரபு தளராமைக்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகத் தாத்தாவின் கையைப் பற்றிப் பேரன் ஏறியமையே.

ஆதலின், மலையக வழிகளுக்கும் நினைவை ஊட்டுதல் நம் கடன். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1867 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 19 ஏக்கரில் முதன்முதல் வாணிகத்துக்கெனத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைக்கு நடைவழி செல்கின்றது. அவர் அமர்ந்த கல்லிருக்கையை எவருங் காட்டுவர். 1892 இல் அவர் இறந்தபோது, தொழிலாளரே உடலைத் தோளிற் சுமந்து கண்டிவரை நடந்தனர். மகியாவையில் அவர் கல்லறை உள்ளது. உழைத்த ஒருவரை நினைப்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆயின், அதே ஹேவாஹெட்டைப் பகுதியிலே, முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஆம் ஆண்டு சனவரியிலே நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனை நம் மாணவரில் எத்தனைபேர் அறிவர்? பூண்டுலோயாவைக் கடப்போரில் எத்தனைபேர், மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்து, 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகி, மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையை நினைப்பர்? ஹற்றனைத் தளமாகக்கொண்டு தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசையர், அந்நியர் தோட்டத்துள் நுழைதல் குற்றமெனப்பட்ட காலத்திலே, புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குச் சென்றார் என்பது இங்கு வழங்குஞ் செய்தி. அன்று சங்கத்தாருக்கு மறுக்கப்பட்ட பாதையிலே இன்று உலகத்தார் படம் பார்த்து நடக்கின்றனர். பாதை திறந்தது நன்று. அது திறந்த வரலாறும் திறக்கப்படல் வேண்டும்.

இவ்வெண்ணத்துக்கு மாறாகக் கூறுவோர் இருவகையினர். முதல்வகையினர், “வெளிநாட்டார் நடந்தாற் பணம் வரும், அதுவே போதும், பழங்கதை எதற்கு?” என்பர். பணம் வருதல் வேண்டும் என்பதில் எமக்கும் உடன்பாடே. ஆனால் யாரிடம் வரும் என்பதை ஆராய்தல் வேண்டும். ஸ்பெயினின் வழியோரச் சிற்றூரான் தன் வீட்டிலே ஓர் அறையை ஒதுக்கி யாத்திரிகனுக்கு இடந்தருகின்றான், வீடு அவனுடையது. நம் லயத்து அறையிற் பல தலைமுறை வாழ்ந்தோரிற் பெரும்பாலோர்க்கு அந்த அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லை. தமக்கே உரித்தாகாத அறையை ஒருவர் எங்ஙனம் விருந்தினர்க்கு வாடகைக்கு விடுவர்? வழியின் பயன் வழியிலிருப்போரைத் தாண்டி, விடுதி உடையாரிடமே சென்று சேரும். ஆகவே காணியுரிமை பற்றிய வினாவை ஒதுக்கிவிட்டு நடைபாதையின் நன்மையைப் பேசுதல், கிணறு வெட்டாது வாளி வாங்குதலை ஒக்கும். ஒரு வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்னும் ஏற்பாடு சிலரை அடைந்தது, பலரை அடையவில்லை. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையிலே மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தபோது, பாதுகாப்பான நிலம் இன்மையின் விலை என்ன என்பதை மலையகம் கண்ணீரோடு கற்றது.

இரண்டாம் வகையினர் நம்மவரே. படித்துப் பட்டம் பெற்றுக் கொழும்புக்கும் கடல்கடந்தும் சென்ற சிலர், “லயத்தை உலகுக்குக் காட்டுவது நமக்கு இழிவன்றோ?” என்பர். வறுமையை வேடிக்கையாகக் காட்டுதல் இழிவே. ஆனால் உழைப்பையும் பண்பாட்டையும் நம் வாயாலே எடுத்துரைத்தல் இழிவன்று. பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடக் கேட்டு நின்றவரின் பிள்ளைகள், தாமே தம் முன்னோரின் பெயரைக் கூப்பிடும் நாள் இது. நாம் கூறாவிடின் பிறர் கூறுவர். பிறர் கூறுங் கதையிலே நாம் தேயிலைச் செடிகளுக்கிடையே வண்ணப் புள்ளிகளாய் நிற்போம்.

இனி, செய்யத்தக்கன யாவை? முதலாவது மாணவர்க்குரியது. நடைவழியின் கட்டங்களில் இரண்டேனும் நம் கல்லூரிக்கு அண்மையில் உள்ளன. உயர்தர வகுப்பினர் ஆண்டுக்கொருமுறை ஒரு கட்டத்தை நடந்து, வழியிலுள்ளனவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவாராக. ஒவ்வொரு தோட்டத்துக்கும் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயரோடு, தொழிலாளர் இட்ட தமிழ்ப் பெயரொன்றும் வழங்குகின்றது. ஆங்கிலத்தில் டல்ஹவுசி எனப்பட்டது தமிழர் வாயில் நல்லதண்ணி ஆயிற்று; அந்தப் பெயரிலேயே தாகந்தீர்ந்தவரின் நன்றி இருக்கின்றது. மலைக்கு மலை மக்கள் இட்ட பெயர்கள், மாரியம்மன் கோயில்கள், தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலாய் வணங்கப்படும் ரோதைமுனி, கவ்வாத்து வெட்டுமுன் வழிபடப்படும் கவ்வாத்துச்சாமி, காமன் கூத்தாடும் களங்கள், பிள்ளைக்காம்பராவிலே தாலாட்டிய ஆயாமாரின் பாட்டு - இவையெல்லாம் முதியோர் நாவிலே இருக்கின்றன, அவரோடு மறையும். இவற்றைத் தொகுப்பின் அதுவே நம் காலத்து மலைபடுகடாம்.

இரண்டாவது ஆசிரியராகிய எமக்குரியது. ஆற்றுப்படையை வினாத்தாளுக்காக மட்டும் படிப்பித்தல் போதாது. கூத்தன் வழி சொன்ன பகுதியைப் படித்த மாணவன், தன் லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை அவ்வாறே எழுதிப் பார்க்கட்டும். வழியிலே யார் தேநீர் தருவார், எந்த ஓடை மழைக்குப் பெருகும், எந்தச் சரிவு இடியும் என்பதை அவனினும் நன்கறிந்தவர் இல்லை. தன் வழியை எழுதத் தெரிந்தவனுக்குத் தன் உரிமையையும் எழுதத் தெரியும்.

மூன்றாவது பழைய மாணவர்க்குரியது. கல்லூரிக்கு மண்டபமும் நூலகமும் அளித்தீர்கள். அவற்றுக்கு நன்றி கூறாத நாளில்லை. இனி ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் யூலை இறுதியிலே, தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரையுள்ள இறுதி வழியை மாணவரோடு ஒருமுறை நடந்து தாருங்கள். வேகம் வேண்டாம், இரண்டு மூன்று நாள் செல்லட்டும். மாசி மகத்திலே ஐந்து தேர் ஓடும் மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியிலே நடையை நிறைவு செய்து, வழியில் மாண்ட பெயரறியாதோர்க்காக ஒரு விளக்கேற்றுங்கள். சந்தியாகோ யாத்திரையிலே இறுதி 100 கிலோமீற்றரை நடந்தோர்க்கும் சான்றிதழ் தருவர்; முழுவழியையும் எல்லோரும் நடத்தல் அரிதென்பதை அறிந்த ஏற்பாடு அது. நம்மிற் சட்டம் பயின்றோர் லயத்து மக்களின் காணியுறுதிக்காக உழைப்பின், அது அந்நடையின் தொடர்ச்சியேயாகும். அதுவே அதன் பெரும்பகுதியுமாகும்.

மஞ்சள் வர்ணங்கொண்டு அம்புக்குறி இட்ட குரு, தாம் நட்ட வழியிலே இலட்சக்கணக்கானோர் நடப்பதைக் காணுமுன் 1989 இல் மறைந்தார். வித்திடுவோர் அறுவடையை எதிர்நோக்கி நிற்பதில்லை. தேயிலைச் செடி நட்டோரும் அத்தகையரே. அவர் நட்ட செடியின் இலையை உலகம் பருகுகின்றது. அவர்க்கு நாம் செலுத்தத்தக்க கடன், அவர் நடந்த வழியை மறவாது நடத்தலும், அவ்வழியோரத்திலே அவர் பிள்ளைகள் சொந்த நிலத்தில் சொந்த வீட்டு வாயிலில் நின்று, வருவோரை “வாருங்கள்” என்று வரவேற்கச் செய்தலுமேயாம். விழாக் காணும் நம் கல்லூரி இப்பணிக்கு ஆற்றுப்படையாய் நின்று பல்லாண்டு சிறக்க.